துவைக்காத கைக்குட்டை

குவாம்
1996 நவம்பர் 21

ஷுஹெய் அம்மாவுக்கு,

நான் இக்னாசியா. கடற்கரை விடுதியின் குழந்தைகள் அறையில் கறுப்பாய், குண்டாய் ஒருத்தி இருந்தாளே, பிள்ளைகள் எல்லாம் ஆச்சா அக்கா என்று காலைக் கட்டிக்கொள்ளுமே, அவள்தான். பன்னிரண்டு வருஷமாக உங்கள் மொழியை உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடமே கற்றுக்கொண்டேன். அதனால் என் எழுத்தும் மூன்று வயதுப் பிள்ளையின் எழுத்தாகத்தான் இருக்கும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் முகவரியை அறையில் நீங்கள் நிரப்பித் தந்த அட்டையிலிருந்து எடுத்தேன். அது தப்பு. மேனேஜர் ஒகுதாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பத்து நாளாய் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஷுஹெய்க்கு உடம்பு எப்படி இருக்கிறது? காய்ச்சல் வந்ததா? பொழுது சாய்ந்தால் காரணமில்லாமல் அழுகிறானா? பால் குடிக்கிறானா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அழகான குழந்தையைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளத் தோன்றுமே, அதற்கு எங்கள் சமோரோ பேச்சில் மகோதாய் என்று பெயர். அது வந்துவிட்டால் அடக்கவே கூடாது. உடனே கன்னத்தைக் கிள்ளவேண்டும், இல்லை முகரவேண்டும், அதுவும் முடியாவிட்டால் எச்சில் தொட்டு நெற்றியிலாவது வைக்கவேண்டும். அடக்கிக்கொண்டால் அந்த ஆசை போய்க் குழந்தைமேல் உட்கார்ந்துகொள்ளும். குழந்தை படுத்துவிடும். டாக்டர் ஊசி போட்டாலும் கேட்காது. யார் அடக்கினாளோ அவளே தேடிப் போய்த் தொட்டால்தான் இறங்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒசாகாக்காரப் பிள்ளை ஒன்றை நான் கிள்ளிவிட்டேன். வலிக்காமல்தான். அந்த அம்மா முகத்துக்கு நேரே சிரித்தாள், குனிந்து வணக்கமும் சொன்னாள். ஊருக்குப் போய்க் காகிதத்தில் புகார் எழுதிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: விருந்தினர் குழந்தைகளின் கன்னத்தைத் தொடக் கூடாது, கிள்ளக் கூடாது, முகரக் கூடாது. என் பெயர் அதில் இல்லை. ஆனால் யாருக்காக ஒட்டியது என்று சமையல்காரன்வரை தெரியும்.

உங்கள் பிள்ளையைப் பார்த்த நிமிஷமே எனக்கு மகோதாய் வந்துவிட்டது. அது என்ன கன்னமா, ஆவியில் வெந்த கொழுக்கட்டையா! வெள்ளியும் சனியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே திரிந்தேன். தூக்கினேன், கஞ்சி ஊட்டினேன், தூங்க வைத்தேன். அதெல்லாம் வேலை. வேலைக்காகத் தொடுவது கணக்கில் வராது, ஆசைக்காகத் தொடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. திங்கள் காலையில் எப்படியாவது ஒரு தடவை தொட்டுவிடலாம் என்று ஓடி வந்தேன். அதற்குள் உங்கள் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

இதோடு என் கைக்குட்டை ஒன்று வைத்திருக்கிறேன். மூன்று நாள் என் கழுத்தில் கிடந்தது. அவன் நெற்றியில் மூன்று தடவை ஒற்றி எடுங்கள். பைத்தியக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை, செய்யுங்கள்.

ஆச்சா அக்கா


நாகவோகா
டிசம்பர் 3

இக்னாசியா அவர்களுக்கு,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. அங்கே நீங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அன்று நீங்கள் காட்டிய அன்புக்கு நான்தான் முதலில் கடிதம் எழுதியிருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ஷுஹெய் நலமாக இருக்கிறான். காய்ச்சல் எதுவும் வரவில்லை. இரண்டு பல் முளைத்திருக்கிறது. நீங்கள் ஊட்டிய கஞ்சியின் நினைவில், நான் வைக்கும் கஞ்சியைத் துப்புகிறான்.

கைக்குட்டைக்கு மிக்க நன்றி. வந்த அன்றே வெந்நீரில் துவைத்து, இஸ்திரி போட்டு, மூன்று தடவை ஒற்றி எடுத்தேன்.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் ஊர்ப் பயண அலுவலகத்தில் அடுக்கிவைத்திருக்கும் புத்தகங்களில் உங்கள் விடுதியின் படம் இருந்தது. ஒரு பெண் யாரோ ஒருவரின் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறாள். பின்னால், சாய்வு நாற்காலியில், அந்தக் குழந்தையின் அம்மா தொப்பியை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். என் கணவர் கடலைப் பார்த்தார். "தண்ணி நல்லாருக்குல்ல? கோல்ஃப் மைதானமும் பக்கத்திலயே இருக்காம்" என்றார். நான் அந்தத் தூங்கும் பெண்ணை மட்டுமே பார்த்தேன். அவளுடைய ஒரு கால் நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. காலை உள்ளே இழுத்துக்கொள்ளவேண்டும் என்ற நினைப்புக்கூட இல்லாத தூக்கம். அதற்காகத்தான் வந்தேன். வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

வெள்ளியும் சனியும் நானும் அப்படித் தூங்கினேன். பத்து மாதத்தில் முதல் முறை.

ஊர் திரும்பியதிலிருந்து மறுபடியும் தூக்கம் சரியாக இல்லை. குழந்தை தூங்கினாலும் எனக்கு வருவதில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். கீழ்த்தளத்தில் இருக்கும் மாமியாருக்குக் காலடிச் சத்தம் கேட்கும் என்பதால் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

நீங்கள் உண்மையிலேயே ஒரு தடவைகூட அவன் கன்னத்தைத் தொடவில்லையா? சும்மாதான் கேட்டேன். பதில் எழுத வேண்டியதில்லை.

பனியால் இங்கே சாலைகள் அடைபடும் காலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகிசவா மிகிகோ


குவாம்
டிசம்பர் 16

ஷுஹெய் அம்மாவுக்கு,

துவைத்து இஸ்திரி போட்டீர்களா! நான் அனுப்பியது துணியா அம்மா? அதில் இருந்ததைத்தானே அனுப்பினேன். அதை வெந்நீரில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வெறும் துணியால் பிள்ளையின் நெற்றியைத் துடைத்திருக்கிறீர்கள். இதை என் சித்தி மகள் லூர்தெஸிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் சலவை மெஷின் சத்தமே கேட்கவில்லை.

ஆமாம், சலவை மெஷின்தான். நான் இப்போது குழந்தைகள் அறையில் இல்லை. ஒன்பதாம் தேதியிலிருந்து சலவைக்கூடத்தில் இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்று காலையில் மேனேஜர் கூப்பிட்டார். மேஜைமேல் உங்கள் பயணக் கம்பெனி அனுப்பிய தாள் இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பென்சிலோடு கொடுப்பார்களே, உணவு எப்படி, படுக்கை எப்படி என்று கேட்டு, அந்தத் தாள். அதில் கீழே எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். குழந்தையின் இடது கன்னத்தில் கிள்ளிய காயம், நகம் பதிந்து நீலம் பாரித்திருக்கிறது, குழந்தைகள் அறையில் கவனம் தேவை. குடும்பப் பெயர் தகிசவா, உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்து.

"நான் கிள்ளல சார்"னு சொன்னேன்.

"இக்னாசியா, உன் கையப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அதனாலதான் சொல்றேன். இந்தப் பிள்ளைய நான் கிள்ளல. கிள்ளாம விட்டதுக்கே ஒரு மாசமா சோறு இறங்கல எனக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். ஜனவரி பதினைந்தில் பெரிய அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்களாம். விசாரித்து முடிவு சொல்வார்களாம். முடிவு என்ன என்பது இப்போதே எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரரே, "சும்மா ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுரு, நீதான் கிள்ளியிருப்ப" என்கிறார். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர்! இரண்டு வருஷம் முன்னால் கிள்ளியபோது நான் ஒத்துக்கொண்டேன். இப்போது செய்யாததை எப்படி ஒத்துக்கொள்வது?

உங்கள் ஊர்க்காரர்கள் ஏன் எங்கள் ஊரைத் தேடி வருகிறார்கள் என்று மேனேஜர் மாதம் ஒரு கூட்டம் போடுவார். மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பார். காலையில் குழைய வடித்த கஞ்சி கிடைக்கிறது, பிள்ளை கட்டிலிலிருந்து விழாமல் இருக்கப் பாய் விரித்த அறை இருக்கிறது, முழங்கால் அளவுதான் கடல் என்பார். கடைசியில் பாதுகாப்பு என்பார். அந்த வார்த்தைக்கு மட்டும் எழுந்து நிற்பார். அதனால் ஒரு குழந்தையின் கன்னத்தில் காயம் என்றால் அவருக்குக் கடலே வற்றிப்போன மாதிரி.

அந்தப் படத்தில் தூங்குகிற பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது இதே லூர்தெஸ்தான். அம்மா வேஷம் போட வேண்டியவள் வரவில்லை என்று சலவைக்கூடத்திலிருந்து இவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார்கள். முகம் தெரியக் கூடாது என்றுதான் தொப்பி. காலை ஏன் வெளியே போட்டாய் என்று இப்போது கேட்டேன். "எறும்பு கடிச்சுது"ங்கிறாள்.

ஷுஹெய் அம்மா, ஒரு உதவி. உங்கள் பிள்ளைக்குக் காயம் பட்டிருந்தால் எனக்கு வருத்தம். பக்கத்துத் தொட்டிலில் இருந்த வாண்டு கடித்திருக்கலாம், கிள்ளியிருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் இல்லை என்று மட்டும் மேனேஜருக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் வீட்டுக்காரர் தப்பாக நினைத்துவிட்டார் என்று எழுதினால் போதும். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் வரவேண்டும்.

ஆச்சா அக்கா


நாகவோகா
1997 ஜனவரி 6

இக்னாசியா அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு ஏற்பட்டிருக்கும் சிரமத்தை அறிந்து மிகவும் வருந்துகிறேன். என் கணவர் ஆண்டுக் கடைசி வேலைகளில் இருந்தார். பிறகு விருந்தினர் வந்துபோனார்கள். தகுந்த நேரம் பார்த்துப் பேசலாம் என்று இருக்கிறேன். இதைப் பற்றி நான் எழுதுவதானால் அது வீட்டில் வேறு சில

பனி இரண்டு மீட்டர் கிடக்கிறது. கீழ்த்தளத்து ஜன்னல்கள் மூடிவிட்டன.

எங்கள் ஊர் அரிசி அப்பளம் ஒரு டப்பா தனியாக அனுப்பியிருக்கிறேன். சலவைக்கூடத்தில் எல்லோரும் சாப்பிடுங்கள்.

தகிசவா மிகிகோ


குவாம்
ஜனவரி 17

தகிசவா அம்மாவுக்கு,

அப்பளம் வந்தது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். அதற்குள் லூர்தெஸும் மற்றவர்களும் தின்று தீர்த்துவிட்டார்கள். நன்றாக இருந்ததாம். நான் தொடவில்லை.

பெரிய அலுவலகத்து ஆள் புயலால் விமானம் கிடைக்காமல் நின்றுவிட்டார். பிப்ரவரி இருபத்துநாலுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. என் அதிர்ஷ்டம் என்கிறார்கள். இன்னும் ஐந்து வாரம் ஊர்ப் போர்வைகளையெல்லாம் மடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

போர்வை மடிப்பதில் ஒரு வசதி. கை பாட்டுக்கு மடிக்கும், புத்தி பாட்டுக்கு ஓடும். அப்படி ஓடியதில் சில விஷயம் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஷுஹெயை உங்கள் கையில் கொடுத்தேன். கன்னம் சுத்தமாக இருந்தது. எனக்குத் தெரியாதா? இரண்டு நாளாய் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு முழுக்க நான் இனராஹன் கிராமத்தில் என் அண்ணன் பேரனின் ஞானஸ்நான விருந்துக்குச் சிவப்புச் சோறு கிண்டிக்கொண்டிருந்தேன். அறுபது பேர் சாட்சி. இதை மேனேஜரிடம் சொன்னேன். "காயம் சனிக்கிழமை பட்டு ஞாயித்துக்கிழமை நீலம் ஆகியிருக்கும்" என்கிறார்.

திங்கள் காலையில் பஸ் ஜன்னலில் உங்களைப் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா? பிள்ளைக்குத் தொப்பி கட்டியிருந்தீர்கள். பஸ்ஸுக்குள் வெயில் ஏது? அந்தத் தொப்பியை ஒரு பக்கமாக இழுத்து, இடது கன்னம் முழுக்க மூடும்படி கட்டியிருந்தீர்கள். நான் கையசைத்தேன். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டீர்கள். அழுகிறீர்கள், பிரிய மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி நான்.

போன கடிதத்தில் ஒரு வரியைப் பாதியில் விட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் வாயைத் திறந்தால் முடித்துவிட்டுத்தான் மூடுவோம். நான் எதையும் கேட்கப் போவதில்லை. நீங்கள் முடியுங்கள்.

இக்னாசியா தைமாங்லோ


நாகவோகா
ஜனவரி 28

இக்னாசியா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதி நான்கையும் அடுப்பில் போட்டுவிட்டேன். பனியைப் பற்றி எழுதத் தொடங்கினால் பனியோடே முடிந்துவிடுகிறது. அதனால் இதில் பனி இல்லை.

நான்தான் கிள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கணவர் கோல்ஃபுக்குப் போய்விட்டார். ஷுஹெயை உங்கள் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். வேறொரு பெண் இருந்தாள். நல்ல பெண்தான். அவன் அவள் தோளுக்கு மேலே எட்டி எட்டி உங்களைத் தேடினான். தேடிவிட்டு அழத் தொடங்கினான். அவனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வெளியே மழை. பாய் விரித்த எங்கள் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சாப்பாட்டு நேரத்திலிருந்து மூன்று மணி வரைக்கும் அழுதான். தூக்கினால் முதுகை வளைத்தான், கீழே விட்டால் காலைப் பிடித்தான்.

பத்து மாதம் நான் தூங்காமல் இருந்திருக்கிறேன் அக்கா. அப்போதெல்லாம் இப்படி வந்ததில்லை. தூக்கம் என்றால் என்னவென்று மறந்திருந்ததால் பொறுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. உங்கள் ஊரில் இரண்டு நாள் தூங்கினேன். தூங்கி எழுந்தவளுக்கு அந்த ஒரு மத்தியானம் பொறுக்கவில்லை. நாளைக்கு விமானம், நாளையிலிருந்து மறுபடியும் அதே வீடு, அதே காலுறை என்ற நினைப்பு வந்தது. அப்போது அவன் என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து கத்தினான். என் கை போனது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உடனே எடுக்கவும் இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற அளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

அழகு தாங்காமல் கிள்ளுவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் கிள்ளியது அதனால் இல்லை.

பஸ்ஸில் தொப்பி நழுவியது. கணவர் பார்த்துவிட்டு, "என்னது இது? யார் செஞ்சா?" என்றார். நான், "குழந்தைங்க ரூம்ல..." என்றேன். குழந்தைங்க ரூம்ல விட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன் என்று இத்தனை நாளாய் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால் நான் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எங்கள் ஊரில் வாக்கியத்தைப் பாதியில் விட்டால் மீதியைக் கேட்பவரே முடித்துக்கொள்வார். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் முடித்துக்கொண்டு பென்சிலை எடுத்தார். நான் அவருக்கு முன்னிருக்கையின் மடிப்பலகையைப் பிரித்துக் கொடுத்தேன்.

வீட்டில் மாமியாரும் பார்த்தார். "தெற்கத்தி ஊர் ஆளுங்ககிட்ட பச்சக் குழந்தையக் குடுக்கலாமா?" என்றார். நான் தேநீர் ஊற்றினேன்.

உங்கள் மேனேஜருக்கு எழுதவேண்டும் என்று தெரியும். எழுதினால் பயணக் கம்பெனி வீட்டுக்குப் போன் செய்யும். மாமியார்தான் எடுப்பார். என் கையில் குழந்தையைக் கொடுக்கவே மாட்டார்கள். ஒருவேளை அது சரிதானோ என்றும் தோன்றுகிறது. இன்னும் தைரியம் வரவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதியும் இல்லை. ஆனால் வாக்கியத்தை முடித்துவிட்டேன்.

மிகிகோ


குவாம்
பிப்ரவரி 6

மிகிகோவுக்கு,

படித்தேன். நேற்று முழுக்கப் போர்வைகளைத் தப்புத் தப்பாக மடித்தேன். லூர்தெஸ், "யார் செத்தா?" என்று கேட்டாள்.

எனக்கு உன்மேல் கோபம். அதை மறைக்கமாட்டேன். நீ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் ஊரில் என்னைப் பார்த்துப் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். கோவிலில் ஒருத்தி தன் கைக்குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டாள். நான் ஞானத்தாயாக இருந்து பெயர் வைத்த பெண் அவள். இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

மேனேஜருக்கு எழுது என்றும் சொல்லமாட்டேன், எழுதாதே என்றும் சொல்லமாட்டேன். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தால் என் வேலை முடிந்தது. லூர்தெஸ் அதைத்தான் சொல்கிறாள். வைக்கமாட்டேன். அது எனக்கு எழுதியது.

எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. மறுபடி செய்தாயா? வீட்டுக்குப் போன பிறகு ஒரு தடவையாவது? ஒளிக்காமல் எழுது.

கை போகிற மாதிரி இருந்தால் பிள்ளையைத் தரையில் வை. தரையிலிருந்து யாரும் விழுந்துவிடமாட்டார்கள். அழட்டும். நீ வெளியே போ. முகத்தைக் கழுவு. எங்கள் ஊரில் என்றால் வேலிக்கு மேலே தூக்கி, "இந்தா பிடி, இல்லாட்டி கொன்னுடுவேன்"னு பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிடுவோம். அவளும், "குடு குடு, நான் நேத்துக் கொன்னுட்டேன்"னு வாங்கிக்கொள்வாள். நான் என் மூன்றையும் அப்படித்தான் வளர்த்தேன். உங்கள் ஊரில் வேலி இல்லையா?

ஆச்சா


நாகவோகா
பிப்ரவரி 15

ஆச்சா அக்காவுக்கு,

இல்லை. மறுபடி செய்யவில்லை.

ஒரு தடவை கை எழுந்தது. பிப்ரவரி பன்னிரண்டு, உங்கள் கடிதம் வந்த மறுநாள். நீங்கள் சொன்னபடி தரையில் வைத்துவிட்டு வெளியே போனேன். காலில் செருப்பு இல்லை, காலுறைதான். எதிர்வீட்டு சகுராய் அம்மா பனியை வாரிக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாகத் தலையாட்டுவதோடு சரி, பேசியதில்லை. "கொஞ்ச நேரம் என் பையனப் பாத்துக்கிறீங்களா?" என்றேன். அவர் மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்குள் போய்விட்டார். அவர் வீட்டுப் பனி முழுவதையும் நான்தான் வாரினேன்.

அன்றே கணவரிடம் சொன்னேன். முழு வாக்கியமாகச் சொன்னேன். "நான் கிள்ளினேன். அந்தப் பெண் இல்லை. நான்." அவர் "சரி" என்றார். எழுந்து குளிக்கப் போனார். ஒரு மணி நேரம் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. வெளியே வந்து, "எந்தக் கன்னம்?" என்று கேட்டார். தானே காகிதத்தில் எழுதியவர் அக்கா. எந்தக் கன்னம் என்று அவருக்கு நினைவில்லை. "இடது" என்றேன். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது கன்னத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அன்னிக்கு மழை பேஞ்சப்பவே நாங்க ஆட்டத்த நிறுத்திட்டோம். நான் ரூமுக்கு வந்திருக்கலாம். பீர் குடிச்சிட்டு இருந்தேன்" என்றார்.

மாமியாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேலே வந்து, ஷுஹெயைக் கீழே எடுத்துக்கொண்டு போகிறார், நான்கு மணிக்குக் கொண்டுவந்து விடுகிறார். தண்டனையா, உதவியா என்று தெரியவில்லை. அந்த இரண்டு மணி நேரம் நான் தூங்குகிறேன்.

மேனேஜர் ஒகுதா அவர்களுக்கு இன்று காலை பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி, என் பெயரை எழுதி, முத்திரையும் வைத்திருக்கிறேன். இருபத்துநாலுக்குள் வந்து சேருமா என்று தபால்காரரிடம் மூன்று தடவை கேட்டேன். தெரியாது, பனி என்றார். தந்தியும் கொடுத்திருக்கிறேன்.

மிகிகோ


குவாம்
மார்ச் 3

மிகிகோவுக்கு,

தந்தி பதினேழாம் தேதியே வந்துவிட்டது. மேனேஜர் நம்பவில்லை. "விருந்தினர் யாரும் இப்படியெல்லாம் எழுதமாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். இருபத்துநாலாம் தேதி விசாரணை. நான் உட்கார்ந்தேன், அவர்கள் உட்கார்ந்தார்கள், பெரிய அலுவலகத்து ஆள் பேனாவைத் திறந்தார். அப்போது லூர்தெஸ் ஓடி வந்தாள். தபால்காரனை வாசலிலேயே மறித்து, மேனேஜருக்கு வந்த பதிவுத் தபால் ரசீதில் யார் பெயரிலோ கையெழுத்துப் போட்டு உன் கடிதத்தை வாங்கி வந்திருக்கிறாள். கையெல்லாம் சோப்பு நுரை.

மேனேஜர் மூன்று தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மூன்று பிள்ளைகள், மூன்று பேரையும் அவர் மனைவி ஹொனலுலுவில் தனியாகத்தான் வளர்த்தாள் என்பது எல்லாருக்கும் தெரியும். "இக்னாசியா, திங்கக்கெழமையிலிருந்து பழைய எடத்துக்கு வந்துரு" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டைவரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவரும் உங்கள் ஊர்க்காரர்தானே, மீதியை நானே முடித்துக்கொண்டேன்.

இன்று குழந்தைகள் அறைக்குத் திரும்பிவிட்டேன். சுவரில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. கோவிலில் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டவள் நேற்று வந்து தானாகவே என் கையில் கொடுத்தாள். நன்றாகக் கிள்ளிக் கொடுத்தேன், பழைய பாக்கியும் சேர்த்து.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், முழுக்கப் போகவில்லை. போர்வை மடிக்கும் வாசனை மூக்கைவிட்டுப் போகும்போது அதுவும் போகும்.

ஒன்று சொல்லவேண்டும். இத்தனை நாளாய் ஷுஹெய்க்கு என்ன ஆகுமோ என்று பயந்து செத்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் முளைத்தது, கஞ்சியைத் துப்பினான், நன்றாகவே இருந்திருக்கிறான். அப்படியானால் நான் அடக்கிக்கொண்டது எங்கே போனது? அடக்கினால் யார்மேலாவது உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? மூன்று நாளாய் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை நீ அந்தச் சாய்வு நாற்காலியில் தூங்கினாய். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கால் வெளியே தொங்க. உன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். கண்ணுக்குக் கீழே அவ்வளவு கறுப்பு. இதுவும் ஒரு பிள்ளைதானே, யார் பெற்ற பிள்ளையோ இப்படிக் காய்ந்துபோய்க் கிடக்கிறதே என்று நினைத்தேன். தலையைத் தடவிக் கொடுக்கவேண்டும் போல இருந்தது. கைகூட நீண்டது. விருந்தினரைத் தொடக் கூடாது என்று இழுத்துக்கொண்டேன்.

நான் தொடாமல் விட்டது இரண்டு பேரை. பயந்தது ஒருத்தனுக்காக மட்டும்.

அடுத்த தடவை நீ வரும்போது நானே தொட்டுவிடுகிறேன். அதுவரைக்கும் இதோடு ஒரு கைக்குட்டை அனுப்பியிருக்கிறேன். ஒரு வாரம் என் கழுத்தில் கிடந்தது. இது ஷுஹெய்க்கு இல்லை, உனக்கு. நெற்றியில் மூன்று தடவை ஒற்றிக்கொள்.

துவைக்காதே.

ஆச்சா